நாலு விரக்கடை கத்தி

ஜூன் 15, 2025, ஞாயிறு

கத்தி வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த மச்சினன் வாங்கிவந்தான். 2,600 ரூபாய். வீட்டில் 600 என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற ஒறம்பரை, சொந்தக்காரர் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

மடக்குகிற கத்தி இல்லை. அலகும் பிடிக்குள் ஓடுகிற இரும்பும் ஒரே தகடு. பிடியின் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வைத்துத் திருகியிருக்கிறார்கள். அலகு 7 செ.மீ., என் கைக்கு நாலு விரக்கடை (விரல் அகலம்). முழு நீளம் 16 செ.மீ. முதுகு 2.5 மி.மீ. கனம். மளிகைக்கடைத் தராசில் உறையோடு 115 கிராம் காட்டியது.

நான் சொட்டுநீர்க் குழாய் போடுகிற ஆள். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் இதுதான் என் சுற்று. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது 16 எம்.எம். லேட்டரலை (செடி வரிசையோடு போகிற மெல்லிய குழாய்) அறுக்க வேண்டியிருக்கும். முதலில் பிளேடை உடைத்து உடைத்துத் தள்ளுகிற கட்டர் வைத்திருந்தேன். உடைத்துப் போட்ட துண்டு ஒன்று ஒரு பண்ணாடி (காட்டுக்காரர்) காட்டில் ஆட்டுக் குளம்பில் ஏறி, வைத்தியச் செலவு என் தலையில் விழுந்தது. அப்புறம் மடக்குக் கத்தி. வாய்க்கால் சேறு கீலுக்குள் போய் இறுகி, பூட்டு சரியாக விழாமல், 2023ல் ஆள்காட்டி விரல் மேலேயே மடங்கியது. மூன்று தையல். கீலே இல்லாத கத்தி வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளக்கோவில் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் புதுக் கத்திதான்.

லேட்டரலை இடது கையில் வளைத்துப் பிடித்து, வளைவின் மேல் அலகை வைத்து ஒரு இழுப்பு. அவ்வளவுதான். வெட்டு நேராக விழுகிறது. இரண்டு துண்டை இணைக்கிற ஜாயினர் சொருகினால் ஒழுகவில்லை. அமுக்கி அறுத்தால்தான் கோணல் போகிறது. இது கத்தியின் குணமில்லை, என் கையின் அவசரம்.

பி.வி.சி. குழாய் முனையில் பிசிறு சீவும்போதுதான் குறை தெரிந்தது. பிடி 9 செ.மீ. என் சுண்டுவிரல் வெளியே தொங்குகிறது. மூன்று விரலும் கட்டைவிரலும் மட்டும் அமுக்குவதால், பதினோரு மணிக்கெல்லாம் உள்ளங்கையில் பிடியின் கோடி பதிந்து சிவந்துவிட்டது. அடக்கமான கத்தி என்று அலகைச் சின்னதாக்குவது சரி. பிடியையும் ஏன் சுருக்குகிறார்கள்? கையைச் சுருக்க முடியுமா?

எங்கே மாட்டுவது என்பது தனித் தொல்லை. வலது இடுப்பில் மாட்டினேன். டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார்ந்ததும் உறை முனை தொடையைக் குத்தியது. பின்பக்கம் தள்ளினால் சீட்டு இடிக்கிறது. கடைசியில் பெல்ட் பக்கிளுக்கு இடது புறம், சாய்வாக, பிடி வலது கையைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். குனிந்தாலும் குத்தவில்லை, குத்தவைத்து உட்கார்ந்தாலும் குத்தவில்லை.

ஜூன் 18, புதன்

மத்தியானம் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தை அதே கத்தியில் அரிந்தேன். குழாய் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம். காட்டுக்காரம்மா ஊத்திய மோரும் வாசம் பிடித்துப் போச்சு. வெங்காயம் இனிமேல் கையால் நசுக்கித்தான்.

ஜூன் 22, ஞாயிறு

அஞ்சு நாளில் பதம் போய்விட்டது. செய்தித்தாளை அறுத்தால் கிழிக்கிறது. குழாய் மெத்தென்றுதான் இருக்கிறது, அதனால் மழுங்க வேண்டியதில்லை. மேலே ஒட்டியிருக்கிற செம்மண்ணும் மணலும்தான் வெட்டுவாயைத் தின்கிறது. துடைத்துவிட்டு அறு என்று சொல்லலாம். நூறு தடவை யார் துடைப்பது?

ஹார்டுவேர் கடையில் விற்கிற கார்போரண்டம் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. நைசுப் பக்கமே போதும் என்று தோன்றியது. முதுகைக் கல்லிலிருந்து கொஞ்சம் தூக்கி, ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறு பக்கம் பத்து. எதிர்ப்பக்கம் நகத்தை வைத்துத் தடவினால் பிசிறு தட்டுப்பட வேண்டும். அது கோடி முதல் கோடி வரை தட்டுப்படாமல் பக்கத்தை மாற்றினால் பாடுபட்டதெல்லாம் வீண். அப்புறம் பழைய பெல்ட் தோலில் பின்புறமாக இழுத்தேன். கால் மணி நேரத்தில் முழங்கை முடி வழித்தது.

அலகில் 12சி27 என்று பொறித்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டு எஃகு: கரி (கார்பன்) 0.6 விழுக்காடு, குரோமியம் 13.5. குரோமியம் இருப்பதால் லேசில் துரு பிடிக்காது. நைசான எஃகு என்பதால் கல்லுக்கும் சீக்கிரம் படிகிறது. பதம் நாள் கணக்கில் நிற்காது, ஆனால் கூப்பிட்டால் வந்துவிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. டி2 என்கிற எஃகில் வாங்கச் சொன்ன மச்சினனிடம் இதைத்தான் சொன்னேன். அதில் கரி ஒன்றரை விழுக்காட்டுக்குப் பக்கம், பதம் நெடுநாள் நிற்கும். மழுங்கிவிட்டால் இந்தக் கல்லை வைத்து ஒரு பொழுதே போகும்.

ஜூன் 27, வெள்ளி

கத்தியைத் தொலைத்தேன். கிடைத்தும் விட்டது.

உறைதான் காரணம். நைலான் துணி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கு, மேலே பட்டன். பட்டன் மூன்றாம் நாளே தளர்ந்திருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. மூலனூர் தாண்டி ஒரு கொரங்காட்டை (மேய்ச்சல் நிலம்) குறுக்கே நடந்து, கிளுவை வேலியில் குனிந்து புகுந்தபோது விழுந்திருக்கிறது. கருப்புப் பிடி. முட்டி உயரம் கொழுக்கட்டைப் புல். ஒன்றரை மணி நேரம் தேடினேன்.

ஆடு மேய்க்கிற ஆத்தா ஒருத்தர்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏஞ்சாமி, இதையாங் தேடறீங்க?”

“ஆமாங்காத்தா.”

“கொழந்தைக்குக் கட்டற மாதிரி இதுக்கொரு அரணாக்கவுறு கட்டுனா என்னங்? செகப்பா. புல்லுல மின்னுமல்லோ.”

பிடியின் கோடியில் கயிறு கோக்க ஓட்டை விட்டிருக்கிறார்கள். அது எதற்கென்று பத்து நாளாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சிவப்புக் கயிறு கட்டியாயிற்று. வாங்கிய உறையைக் குப்பையில் போட்டு, நானே ஒன்று செய்தேன். வெளிநாட்டுக் கத்திகளுக்குக் கைடெக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடவைத்து அச்சுப்போல் படிய விடுவார்கள். அது எங்கே கிடைக்கும் என்று நேற்றுப் பூராவும் யோசித்துவிட்டு, கடைசியில் என் வண்டியில் கட்டியிருந்த 63 எம்.எம். பி.வி.சி. துண்டைப் பார்த்துச் சிரித்தேன்.

பி.வி.சி. எண்பது டிகிரிக்கு மேல் போனால் இளகும். 15 செ.மீ. துண்டை நீளவாக்கில் பிளந்து, கேஸ் அடுப்புக்கு மேலே பிடித்துத் திருப்பினேன். முதல் துண்டு பழுப்பேறிப் புகைந்தது. கண்ணெல்லாம் எரிச்சல், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, “பொடக்காளிக்குப் போங்க மொதல்ல” என்றாள். ரொம்பவும் சரி.

இரண்டாவது துண்டு வெளியில், விறகுக் கனலுக்கு ஒரு முழம் மேலே. அப்பளம் மாதிரித் தொய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் தட்டையாக்கினேன். ஆறியது. மறுபடி சுட்டு, அலகுக்கு இரண்டு சுற்று டேப் ஒட்டிய கத்தியின் மேல் புத்தக அட்டை மாதிரி மடித்து, மேலே பழைய ரப்பர் செருப்பு, அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் நான். ஐந்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் மூன்று ரிவெட்டு, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை.

டேப்பை உரித்துவிட்டுச் சொருகினால் டக்கென்று ஒரு சத்தம். தலைகீழாகப் பிடித்து உதறினேன். விழவில்லை. கட்டைவிரலால் உறையைத் தள்ளினால் மட்டும் கழல்கிறது. குழாயின் சாம்பல் நிறம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிள்ளைகளோடு திருப்பூரில் ஒரு மாலுக்குப் போனோம். இடுப்பில் கத்தி இருப்பதே மறந்துவிட்டது. அவ்வளவு வசதியாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோசப்படுவதா? வாசலில் கருவி கீச்சிட்டது. காவல்காரர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்; வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். “குழாய் வேலைங்க” என்றேன். “இருக்கட்டுங்க, வண்டில வெச்சுட்டு வாங்க” என்றார், மரியாதையாகத்தான். சின்னவள் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் நடக்கவில்லை.

சாயங்காலம் வக்கீல் மாமனைக் கேட்டேன். ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை. வீடு, விவசாயம், தொழிலுக்கென்று செய்த கத்திகள் அதில் சேராது. என்னுடையது மூன்று அங்குலம்கூட இல்லை. “சட்டம் கெடக்குது மாப்ள. ராத்திரி பத்து மணிக்குச் செக்போஸ்ட்ல நின்னுட்டு அளவு சொல்லிட்டிருப்பீங்களா?” என்றார். பேனாக்கத்தியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மடங்காத கத்தி என்றால் விரக்கடை நீளமானாலும் ஜனங்களுக்கு அது வேறே சாமான். இனி வேலை முடிந்தால் எக்ஸெல் பெட்டிக்குள் போய்விடும்.

ஜூலை 10, வியாழன்

தாராபுரம் பக்கம் ஒரு சாளையில் (தோட்டத்து வீடு) வேலை. கோழிவலையில் வெள்ளாட்டுக் குட்டி கழுத்தைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டது. வலை நைலான், திமிரத் திமிர இறுகுகிறது. இடது கை முழுக்கக் குட்டியைப் பிடிக்கவே சரியாகப் போய்விட்டது. வலது கை தானாக இடுப்புக்குப் போனது, டக். ஆனால் அலகு முனை கூர். கழுத்துக்கும் வலைக்கும் நடுவில் அதை விடப் பயமாக இருந்தது. என் ஆள்காட்டி விரலை முதலில் நுழைத்து, நகத்தின் மேல் முதுகை வழுக்கவிட்டு, நாலு கண்ணி அறுத்தேன். குட்டி என் தொடையில் ஒரு உதை விட்டுத் தாயிடம் ஓடியது.

மடக்குக் கத்தி என்றால் பல்லால் திறந்திருக்க வேண்டும். அது ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முனை இவ்வளவு ஊசியாக இருக்க வேண்டியதில்லை. குழாய்க்காரனுக்கு எதைக் குத்துகிற வேலை இருக்கிறது?

ஜூலை 14, திங்கள்

சென்னிமலைப் பக்கம் வேலை முடித்து வருகிற வழியில் ஒரு கொல்லுப்பட்டறை. பக்கத்தில்தான் கொடுமணல். நொய்யல் கரையில் 2,000 வருசத்துக்கு முந்தைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்த ஊர். ஆசாரிக்கு அதிலெல்லாம் பெருமை இருக்கிற மாதிரித் தெரியவில்லை. கொடுவாள் அடிப்பதிலேயே குறியாக இருந்தார். என் கத்தியைக் கொடுத்தேன். நகத்தால் சுண்டிக் காதில் வைத்தார்.

“நல்ல சாமானுங்க. பிடிதான் பொம்பளப்புள்ளைக்குச் செஞ்சாப்ல இருக்குது.”

அதே அலகு, முனை மழுங்கல், பிடி மட்டும் 11 செ.மீ. என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினேன். உடைந்த லாரி வில்பட்டை ஒன்றை எடுத்தார். அதிலும் கரி 0.6ஐ ஒட்டித்தான். ஸ்வீடன்காரனுக்கும் லாரிப் பட்டைக்கும் பெரிய வித்தியாசம் அந்தக் குரோமியம் ஒன்றுதான். 450 ரூபாய் சொன்னார்.

துவைச்சல் வைப்பதை, அதாவது காய்ச்சி அலகுக்குப் பதம் ஏற்றுவதை, நின்று பார்த்தேன். இன்னொருத்தருடைய கத்தி அது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி எடுத்து, செங்கல் துண்டால் ஒரு பக்கம் பளபளவென்று தேய்த்தார். பிறகு முதுகை மட்டும் காய்ந்த இரும்புக் கட்டையின் மேல் வைத்தார். முதுகிலிருந்து நிறம் மெள்ள இறங்கியது: முதலில் வைக்கோல், அப்புறம் பனவெல்லம். வெட்டுவாயில் வைக்கோல் நிறம் தொட்டதும் தண்ணீரில் சட்டென்று விட்டார்.

“இன்னும் சித்தெ உட்டா மயில் கழுத்து வந்துரும்ங்க. அது வில்லுக்கு ஆகும். கத்திக்கு ஆகாது.”

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கத்தி வாங்கிவரலாம் என்று அத்தனை தூரம் போனேன். அமாவாசைக்குப் பட்டறை திறக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? போகவர அறுபது கிலோமீட்டர், எதிரே ஆடிக்காற்று.

ஜூலை 27, ஞாயிறு

வந்துவிட்டது. வேப்பமரப் பிடி, சுண்டுவிரலுக்கும் இடம் இருக்கிறது. முதுகு 3 மி.மீ., கொஞ்சம் தடிப்பு; தேங்காய்ப் பருப்பைக் கீறினால் அறுக்காமல் பிளக்கிறது. குழாய்க்குக் குறையில்லை. நேற்று வாழைத்தோட்டத்தில் இலை அறுத்த கறை அலகில் ஊதாவும் கருப்புமாக அப்படியே நிற்கிறது. துடைக்காமல் விட்டதற்கு இரவுக்குள் இரண்டு இடத்தில் செந்துரு. தேங்காயெண்ணெய் தடவித் துணியில் துடைத்தேன். தினம் செய்ய வேண்டிய வேலை ஒன்று கூடியிருக்கிறது.

பதம்? இதுவரை இரண்டும் ஒன்றுபோல்தான். மண்ணுக்குச் சீமைக் கத்தி, நாட்டுக் கத்தி என்று வித்தியாசம் கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பிள்ளைகளை அமராவதிக்குக் கூட்டிப்போய் வந்தோம். இரண்டு கத்தியும் வீட்டிலேயே.

மழைநாளுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் துருப்பிடிக்காதது, மற்ற நாளுக்கு ஆசாரி கத்தி என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. லாரிப்பட்டைக் கத்திக்கும் குழாயிலேயே ஓர் உறை செய்தாயிற்று, இந்தத் தடவை புகையில்லாமல். பிடி ஒரு துளி நீளம் குறைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போயிருந்தேன். ஆசாரி கத்தியைப் பார்க்கவே இல்லை. உறையை வாங்கி, சொருகி, உருவி, மறுபடி சொருகி, அந்த டக் சத்தத்தை நாலைந்து தடவை கேட்டார்.

“இதென்னங், குழாயா?”

“குழாய்தானுங்க.”

“எளநிக் கொடுவாளுக்கு இது மாதிரி ஆறு செஞ்சு தர்றீங்களா? பிடிக்குக் கூலி வேண்டாமுங்க.”

110 எம்.எம். குழாய் மிச்சத் துண்டு வேண்டும். நாளைக்குத் தாராபுரம் வேலையில் கிடைக்கும்.