வீடு ஒரு இலாகா, பஸ் ஒரு இலாகா

சென்னையில் ஏழைகளுக்கு வீடு கட்டுவது ஒரு இலாகா, பஸ் விடுவது இன்னொரு இலாகா. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்று சொன்னால் யாருக்காவது கோபம் வரலாம், வரட்டும், ஊருக்குத் தெற்கே புறநகரில் இருக்கும் பெரும்பாக்கம் போய் ஒரு நாள் காலையில் நின்று பார்த்துவிட்டு வந்து கோபப்படட்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரையோரம் இருந்த குடும்பங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அங்கேதான் குடிவைத்தார்கள். வரிசை வரிசையாக எட்டு மாடி பிளாக்குகள், 20,000-க்கும் மேல் வீடுகள். அதற்கு முன்பே 2000-லிருந்து துரைப்பாக்கம் கண்ணகி நகரில் இதே கதை. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவருக்குப் பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கு மேல். மீன் விற்றவர், கட்டட வேலைக்குப் போனவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் எல்லாருக்கும் பழைய இடத்தில் வேலை நடந்து போகும் தூரம்தான். புது வீட்டில் கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது, கான்கிரீட் கூரை, மழைக்கு ஒழுகாது, சரி. ஆனால் சம்பாத்தியம் கூவத்தங்கரையிலேயே நின்றுவிட்டது. பலர் திரும்பவும் ஊருக்குள் வாடகைக்குப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் வேலைக்கு வரும் அக்கா கண்ணகி நகர்க்காரர். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆனதே, அதில் மிச்சமாகும் காசு அவருக்குச் சின்னக் காசு இல்லை. ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டிய டீலக்ஸ் பஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார். நேரமாகிவிட்டால் ஷேர் ஆட்டோ. "பஸ்ஸு ஃப்ரீதான் தம்பி, வந்தாத்தானே?" என்றார் ஒரு நாள். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் ஷிப்ட் விடியற்காலையில் தொடங்குகிறது, ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரமோ ஊர் அடங்குகிற நேரம். இதெல்லாம் அந்த பிளாக்கில் இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மணி உட்படச் சொல்லிவிடுவார். டைம் டேபிள் போடுகிறவர் கேட்டாரா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்த காலமும் உண்டு. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்த புதிதில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். நொச்சிக்குப்பத்தைப் பாருங்கள், பழைய போர்டு வீடுகளை இடித்துவிட்டு அங்கேயே புதிதாகக் கட்டினார்கள். மீனவரைக் கடலிலிருந்து பிரித்து வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. பூக்காரம்மாவுக்கும் அவருடைய கோயில் வாசல் அப்படித்தான் என்பது மட்டும் ஏனோ புரிய மாட்டேன் என்கிறது. இப்போது வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பழைய குடியிருப்புகளை அதே இடத்தில் திரும்பக் கட்டும் வேலைகள் பல இடங்களில் நடக்கின்றன, அது நல்ல விஷயம், அதை மனதாரச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம் ரயில். பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வந்து சேர்ந்தது, அங்கிருந்து பரங்கிமலை வரை உள்ள ஐந்து கிலோமீட்டருக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். ஸ்டேஷன்கள் அரண்மனை சைஸ், வெளியே வந்தால் பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று தேட வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஒரு பாதை மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி வரை திட்டமிடப்பட்டிருக்கிறது, கண்ணகி நகர் அந்த வழிக்குப் பக்கம்தான். ஆனால் குடியிருப்புக்குள்ளிருந்து ஸ்டேஷன் வாசலுக்கு மினி பஸ் இல்லாவிட்டால் அந்த ரயில் யாருக்கு? இன்னொன்று, மெட்ரோ வரும் என்ற பேச்சிலேயே அந்தப் பக்கம் வாடகை ஏறிவிடும். பாதை ஓரம் கூடுதல் மாடி கட்ட அனுமதி கொடுக்கும்போதே அதில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்காவிட்டால், அப்புறம் 'நிலமே இல்லை' என்று சொல்லி அடுத்த பெரும்பாக்கத்தை இன்னும் தெற்கே தள்ளிக் கட்டுவார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் கும்டா என்று, சென்னையின் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. சட்டம் 2010-லேயே வந்துவிட்டது, ஆணையம் எழுந்து உட்காரவே பல வருஷம் ஆனது. நகர வளர்ச்சியைத் திட்டமிடும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான், மூன்றாவதற்கு மக்கள் கருத்தும் கேட்கிறார்கள். கேட்பது சரி, எங்கே எப்போது கேட்கிறார்கள்? வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு ஏசி ஹாலில் கூட்டம் போட்டால் என்னை மாதிரி லேப்டாப் ஆட்கள்தான் வருவோம், வந்து சைக்கிள் பாதை பற்றிப் பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரும்பாக்கம் பிளாக் அடியில் நாலு நாற்காலி போட்டு, பஸ் டிப்போ மேனேஜரையும் வாரிய இன்ஜினியரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, லிப்ட் எத்தனை நாளாக ஓடவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.