பாதைக்கு அடியில அடைஞ்சு போன பாலத்தைத் திறக்க வச்ச அனுபவம்

எங்க வயலை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டு ரயில் பாதை போகுது. பாதைக்கு அடியில தாத்தா காலத்துலேர்ந்தே ஒரு சின்னப் பாலம் இருக்கு, மழைத் தண்ணி வடியறதும் மாடு கன்னு அந்தப் பக்கம் போறதும் அது வழியாத்தான். இரட்டைப் பாதை வேலை நடந்தப்போ கொட்டுன மண்ணும் ஜல்லியும் சரிஞ்சு பாலத்து வாய் முக்கால்வாசி மூடிருச்சு. அந்த ஐப்பசியில நட்ட பயிர் எட்டு நாள் தண்ணிக்குள்ளயே கிடந்து அழுகிப் போச்சு, வழி இல்லாம மேட்டுல ஏறுன கறவை மாடு ஒண்ணு ரயில்ல அடிபட்டுச்சு. அதோட கன்னு ரெண்டு நாள் கத்துனது இன்னும் காதுல கேக்குது.

உடனே ரயில்வே ஆபீஸ்ல மனு குடுத்தோம், வேலி போடுங்க, பாதையைக் கடக்க கேட் வைங்கன்னு. அங்கதான் தப்புப் பண்ணோம். 1989 ரயில்வே சட்டம் 18வது பிரிவுல வேலி போடச் சொல்லி உத்தரவு போடுற அதிகாரம் மத்திய அரசுக்குத்தான் இருக்கு, பக்கத்து நிலத்துக்காரர் கேட்டா போட்டே ஆகணும்னு இல்ல. கேட் பேச்சே எடுபடல, ஏன்னா அகல ரயில் பாதையில (பிராட்கேஜ்) ஆளில்லாத கேட்டையெல்லாம் 2019 ஜனவரியோட எடுத்துட்டாங்க. 16வது பிரிவுல வழியும் தண்ணிப் போக்கும் ரயில்வே செலவுலயே செஞ்சு தரணும்னு இருக்கு, ஆனா பாதை திறந்து 10 வருஷம் தாண்டிட்டா கூடுதலா புதுசா கேக்குறதுக்கு அவங்க செலவு பண்ண வேண்டியதில்லை, 17வது பிரிவுப்படி நம்ம செலவுல வேணா செய்யச் சொல்லலாம். எங்க பாதை வெள்ளைக்காரன் காலத்துது. மனு திரும்பி வந்துருச்சு.

பக்கத்து வயல் பெரியப்பாவோட மருமகன் வக்கீல், அவர்தான் அந்த 16வது பிரிவை மறுபடி படிச்சுட்டு, "மாமா, செஞ்சு பராமரிக்கணும்னு இருக்கு பாருங்க, புதுசா எதுவும் கேக்காதீங்க, இருக்கறதைப் பராமரிக்கச் சொல்லிக் கேளுங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் எங்க வேலையே நடந்துச்சு.

அப்புறம் 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வச்சு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) மனு போட்டோம், பாலத்து நம்பர், அளவு, கடைசியா எப்ப பாத்தாங்கன்னு கேட்டு. நம்பர் எப்படித் தெரியும்னா, பாலத்துச் சுவர்ல பெயிண்ட்ல எழுதியிருக்கும், எங்களுது பாதி மண்ணுக்குள்ள இருந்துச்சு, கையால தோண்டி, துணி நனைச்சுத் துடைச்சு போட்டோ எடுத்தேன். சர்வேயர்கிட்ட எஃப்எம்பி (நில அளவு வரைபடம்) நகல் வாங்கி வாய்க்கால் எங்க வருதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டோம். தண்ணி போற வழி போதுமான்னு பாக்க வேண்டியது மாநில அரசுன்னு அதே 16வது பிரிவுல இருக்கறதால கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்தோம், தாசில்தாரும் ரயில்வே இன்ஜினியரும் சேர்ந்தே வந்து பாக்கணும்னு எழுதிக் கேட்டோம். தனித்தனியா வந்தா ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிட்டுப் போயிருவாங்க.

மூணு தடவை தேதி மாறி நாலாவது தடவைதான் வந்தாங்க. இன்ஜினியர் சேத்துல இறங்கி டேப் பிடிச்சு அளந்தார், ஆர்டிஐல வந்த அளவுல பாதி கூடத் திறப்பு இல்லைன்னு அவரே குறிச்சுக்கிட்டார். அடுத்த மழைக்கு முன்னாடி தூர்வாரி, மண்ணு திரும்பச் சரியாம இருக்க கல் சுவரும் கட்டிட்டாங்க.

வேலி மட்டும் வரல, எங்க எல்லைக்குள்ள நாங்களே கல் ஊனி கம்பி கட்டிக்கிட்டோம். போன ஐப்பசியில ராத்திரி பெஞ்ச மழைத்தண்ணி மறுநாள் சாயங்காலமே வடிஞ்சுருச்சு, அந்தக் கன்னு இப்ப பெரிய மாடாகி அதே பாலத்துக்குள்ளதான் போய் வருது.