ஈரப்பதக் கட்டம் காலியாக வந்த அந்த ஆறாவது தாள்

பன்னிரண்டு வீரிய ஒட்டு மக்காச்சோள ரகங்களை ஆறு இடங்களில், இடத்துக்கு ஒரு ரகத்துக்கு மூன்று பாத்தி வீதம் விதைத்திருந்தோம். எங்கே போட்டாலும் சீராக விளைவது எது என்று பார்க்க வேண்டும். விதைப்பு முதல் அறுவடை வரை சிக்கலில்லை. ஐந்து இடத்து விளைச்சல் குறிப்புத் தாள்களும் ஒழுங்காக வந்தன. ஆறாவது தாளில் ஈரப்பதக் கட்டம் முழுக்கக் காலி.

போன் செய்தால், "கதிர் எடைதான் இருக்கே சார், போதாதா?" என்றார் அங்கிருந்த பொறுப்பாளர். போதாது. 28 சதவீத ஈரத்தில் நிறுத்த 100 கிலோ மணி, 15 சதவீதத்துக்குக் கணக்கிட்டால் 85 கிலோகூட வராது. அதிலும் பின்பருவ ரகங்கள், அதாவது தாமதமாக முதிர்பவை, அறுவடையன்று கூடுதல் ஈரத்தோடு நிற்கும். அப்படியே எடுத்துக்கொண்டால் அவைதான் முன்னால் வந்து நிற்கும்.

அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பூக்கும் சமயத்தில் வறட்சி பட்டது அங்கே மட்டும்தான். பட்டு (மகரந்தம் ஏற்கும் கதிர் நுனி இழை) பிந்தி வந்ததால் பல கதிர்களில் மணியே பிடிக்கவில்லை. எபர்ஹார்ட்–ரசல் முறையில் (1966) இடங்களின் சராசரியை வைத்துத்தான் சூழல் குறியீடு, அதாவது எந்த இடம் நல்லது, எது மோசம் என்ற அளவு, போடுகிறோம். அதற்கு எதிரே ஒவ்வொரு ரகத்தின் விளைச்சலையும் வைத்து ஒரு கோடு வரைகிறோம். மோசமான இடத்தைக் கழித்துவிட்டால் கோட்டின் கீழ்முனையே போய்விடும். நல்ல நிலங்களை மட்டும் பார்த்து ஒரு ரகத்தை நிலையானது என்று எப்படிச் சொல்வது?

நேரில் போனேன். முதல் பயணம் வீண். மாதிரி அறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில். அறுத்த கதிரெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பார்த்து வயிறு கலங்கியது. இரண்டாம் தடவை அறை திறந்தது. பாத்திக்கு ஐந்து கதிர் வீதம் பைகளில் கட்டி, அறுவடையன்று நிறுத்த பச்சை எடையை அட்டையில் எழுதியிருந்தார்கள். அப்போதுதான் உயிர் வந்தது!

எடை இனிக் குறையாது என்கிற வரை ஓவனில் காயவைத்து, மணியை உதிர்த்து நிறுத்தேன். காய்ந்த மணி எடையை அந்த ஐந்து கதிரின் பச்சை எடையால் வகுத்து, பாத்தியின் மொத்தப் பச்சைக் கதிர் எடையால் பெருக்கி, 0.85-ஆல் வகுத்தால் 15 சதவீத ஈரத்துக்கான மணி விளைச்சல் கிடைத்துவிடும். சக்கையை (மணி உதிர்த்தபின் மிஞ்சும் தண்டு) தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. இரண்டு அட்டைகளை எலி தின்றிருந்தது. அந்தப் பாத்திகளை விடுபட்டவை என்றே வைத்தேன், ஊகித்து நிரப்பவில்லை.

பச்சை எடையில் அங்கே முதலில் நின்ற பின்பருவ ரகம் நான்காவதுக்கு இறங்கியது. ஆறு இடத்தையும் சேர்த்துப் பார்த்தபோது சராசரி நன்றாக இருந்து, கோட்டின் சரிவு 1-ஐ ஒட்டி (இடம் மேம்படும் அளவுக்கே விளைச்சலும் கூடி), கோட்டிலிருந்து விலகலும் குறைவாக இருந்தது வேறொரு ரகம். சரிவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கும் ஒரே மாதிரி குறைவாக விளையும் ரகமும் அமைதியாகத்தான் தெரியும்.

அப்புறம், தாள் அனுப்பும்போது ஈரப்பதக் கட்டத்தை எடைக்கு முன்னால் வையுங்கள். மாதிரிப் பைக்கு இரண்டு அட்டை, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், மை நனைந்தால் கரைந்துவிடும்.