வயிறு இருக்கிறது, முதுகு எங்கே?

சென்னையில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு லாயத்தில் நிற்கிறாள் என் ராணி. ரேஸில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை. பார்க்க வருகிற எல்லாருக்கும் ஒரே யோசனைதான்: "கொள்ளு நல்லா போடுங்க சார், தேறிடும்." இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நமக்குச் சொல்லிவிட்டு, குதிரைக்கு மட்டும் தலைகீழ்.

கொள்ளு கெட்டதில்லை. ஊறவைத்து வேகவைத்துக் கொடுத்தால் நல்ல புரதம். ஆனால் குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது. தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அப்படித்தான் வருகின்றன.

முதலில் புல்லைக் கணக்கிட வேண்டும், அதற்கு எடை தெரிய வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிடைக்கும். ராணிக்குச் சுற்றளவு 180, நீளம் 160. சுமார் 436 கிலோ. தினம் அதில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த தீவனம், அதாவது ஆறரை முதல் எட்டே முக்கால் கிலோ. பச்சைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் அதைப் பல மடங்கு போட வேண்டும்.

வைக்கோல் மட்டும் தின்றால் வயிறு தொங்கும், முதுகு வற்றும். அதைப் பார்த்துவிட்டு "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்பார்கள்! கண்ணை நம்பாமல் கையை வைத்துப் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குப் படுகிறதா, அதுதான் சரியான உடம்பு. சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்பின் இரு பக்கமும் குழி விழுந்திருந்தால் தசை இல்லை.

தசைக்கு லைசின் என்ற அமினோ அமிலம் உள்ள புரதம் வேண்டும். அதற்காகத்தான் குதிரைமசால் என்ற தீவனப் பயிர். அதில் சுண்ணாம்புச் சத்தும் தாராளம். இங்கே சுலபமாகக் கிடைப்பது கோ-4 மாதிரியான கம்பு நேப்பியர் புல். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கூடவே பாஸ்பரஸ் நிறைந்த தவிட்டையும் அள்ளிப் போட்டால் நாளடைவில் எலும்பு நொய்ந்து முகம் வீங்கும். எதை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இந்தச் சென்னை வேர்வைக்கு உப்பும் மறக்கக்கூடாது.

அப்புறம் வேலை. தின்றது தானாகத் தசையாகாது. மேட்டில் நடத்தினால் முதுகு நன்றாக ஏறும் என்பார்கள்; ஈசிஆரில் மேட்டுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாகத் தரையில் கம்புகளை வரிசையாகப் போட்டு, வெயில் ஏறுமுன் அவற்றைத் தாண்டி நடத்துகிறோம்.