மூன்றடி உயரமும் பூட்டியின் சக்கர நாற்காலியும்

2019 ஆவணியில் கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி, ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு பேச்சைத் தொடங்கினான். "அக்கா, இந்த வீட்டை எடுத்துப்போட்டு எல்லாரும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரு பெரிய வீடாக் கட்டுவம். செலவில பாதி நான் போடுறன்." அம்மா உடனே, "எனக்கென்ன, ஒரு மூலை கிடந்தாப் போதும்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குடிபுக ஐந்து வருடம் ஆனது. கட்டும்போது நாங்கள் படித்ததைக் கேட்டு எங்கள் ஊரிலேயே பலர் வருகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வளவு திருகோணமலை உப்புவெளியில், 40 பேர்ச் (கால் ஏக்கர்). அம்மாவின் சீதனக் காணி. கடற்கரைக்கு நடந்து மூன்று நிமிடம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு என்பதால், கல்யாணம் முடித்த நாளிலிருந்து நானும் கணவரும் இங்கேதான். வீட்டில் என் அம்மம்மா (பிள்ளைகளுக்குப் பூட்டி), அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகன், மகள். ஆடி, ஆவணியில் தம்பி குடும்பம் நான்கு பேர் வந்து சேரும். மொத்தம் பதினொரு பேர், நான்கு தலைமுறை.

கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் "என்னென்ன வேண்டும்?" என்று கேட்டார். நாங்கள் ஒரு பட்டியல் கொடுத்தோம். ஏழு படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, இரண்டு குசினி, நீச்சல் தடாகம், லிப்ட், கடலைப் பார்த்தபடி முழு நீளக் கண்ணாடிச் சுவர். கேட்டதை எல்லாம் அவர் அழகாக வரைந்து அனுப்பினார். ஒரு மாதம் அந்தப் பிளான் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்து மெச்சினார்கள். ஒருநாள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "பிள்ளை, இதில றோட்டு எங்க தெரியும்?"

தெரியாது. றோட்டுப் பக்கம் உயர்ந்த மதிலும் கார் நிற்கும் இடமும். இருக்கும் இடமெல்லாம் பின்னால், தடாகத்தைப் பார்த்தபடி. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவர். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணியோடு இருப்பார். போகிற ஒவ்வொருவரும் "சேர், சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தை நாங்கள் மதில் கட்டி மறைக்கப் பார்த்திருக்கிறோம். அம்மாவின் அறையைத் தேடினேன். குசினிக்குப் பின்னால், பத்துக்குப் பத்து. அவர் கேட்ட அதே மூலை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிளானை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கொப்பி எடுத்தேன். ஒரு கிழமை முழுக்க, யார் எந்த நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினேன். இந்த அனுபவத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்தக் கொப்பியைத்தான் சொல்வேன். யாரிடமும் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், வயதானவர்கள் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள், பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்ததைச் சொல்வார்கள். பார்த்து எழுதினால் வேறு விஷயங்கள் தெரியவரும்.

அம்மா நாலரைக்கு எழும்புவார். முற்றம் கூட்டி, பூப் பறித்து, சாமி விளக்கேற்றி, பிறகு பின்படியில் திருவலையை வைத்துத் தேங்காய் திருவுவார். அந்தப் படியில் ஏன் இருக்கிறார் என்று இருபது வருடமாக நான் யோசித்ததில்லை. அன்று நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அங்கிருந்து கிணறு தெரிகிறது, பக்கத்துப் படலை தெரிகிறது, பூட்டியின் கட்டில் யன்னல் வழியாகத் தெரிகிறது. மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்டதும் எழும்பிப் போக நாலு எட்டு. வீட்டின் சுக்கான் அந்தப் படியில்தான் இருந்திருக்கிறது.

பூட்டி மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடமாட்டார். அவருடைய கறி முதலில், தனிச் சட்டியில். இரண்டு குசினி என்று நாங்கள் கேட்டது நவீனமாக இருக்கட்டும் என்றுதான். கொப்பியைப் பார்த்த பிறகுதான் உள்குசினி சைவம், பின்குசினி மீன் வெட்டும் மேடை, விறகடுப்பு, புகைக்கூடு என்று அதற்கு ஒரு அர்த்தம் வந்தது. மகள் கிழமையில் ஐந்து நாள் அம்மாவோடுதான் படுக்கிறாள் என்பதும் கொப்பியில் தெரிந்தது. அதனால் அவளுடைய அறைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே ஒரு கதவு. கணவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் மாமரத்துக்குக் கீழே ஏதோ ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவருக்கென்று ஒரு சிறிய வேலைக் கொட்டில் வரைய வைத்தேன்.

கொப்பியைக் கண்டதும் கட்டடக் கலைஞர் திரும்ப வந்து இரண்டு நாள் எங்கள் பழைய வீட்டிலேயே தங்கினார். அவர் கேட்ட ஒரு கேள்வி பெரிய கேள்வி. "வீடு முடியும்போது எல்லாருக்கும் என்ன வயது? அதற்குப் பத்து வருடம் கழித்து?" எழுதிப் பார்த்தோம். பதினான்கு வயது மகன் உயர்தரம் படித்துக்கொண்டிருப்பான், இரவு ஒரு மணிக்குத் தேத்தண்ணி போடுவான், அப்பாவுக்கோ மெல்லிய நித்திரை. 64 வயது அம்மா அந்தக் கணக்கில் எழுபதுகளின் பிற்பாதிக்கு வந்துவிடுவார். ஆகவே பூட்டியின் அறைக்கு மட்டும் அல்ல, கீழ்த்தளம் முழுவதற்கும் சக்கர நாற்காலி போகிற அகலம் என்று முடிவானது.

இங்கேதான் பெரிய முடிச்சு விழுந்தது. 2004 டிசம்பர் 26 காலை பழைய வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தது. சுவரில் அந்தக் கோடு எத்தனை முறை வெள்ளையடித்தும் மாரிக்கு மாரி ஊறி வெளியே தெரியும். தரை நிலமட்டத்திலிருந்து மூன்றடி உயர வேண்டும் என்பதில் அப்பா அசையவில்லை. அப்படியொரு அலை திரும்ப வந்தால் மூன்றடி போதாது, மேல்மாடிக்குத்தான் ஓட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மாரி வெள்ளத்துக்கு அது போதும். பூட்டியோ சக்கர நாற்காலியில். ஓரடி ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. மூன்றடிக்கு 36 அடி. முன்வாசலில் அப்படி ஒன்றை நீட்டினால் ஆசுபத்திரி மாதிரி இருக்கும் என்று தம்பி போனில் சண்டை பிடித்தான்.

தீர்வு எளியது, ஆனால் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது. படியை முன்னாலும் சரிவைப் பின்னாலும் வைக்காமல், சரிவையே வீட்டின் பிரதான வழியாக்கினோம். கார் நிற்கும் இடத்தில் தொடங்கி வேப்பமரத்தைச் சுற்றி 18 அடி, ஐந்தடிக்குச் சமதளம், திரும்பி இன்னொரு 18 அடி. நாலடி அகலம், மேலே கூரை, இரண்டு பக்கமும் கைபிடி, சில்லு வழுக்கி வெளியே போகாமல் ஓரத்தில் சிறு கட்டு. நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அது சரிவு என்பதைக் கவனிப்பதே இல்லை. பூட்டி வருகிற வழியில்தான் எல்லாரும் வருகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: நனைந்த வேப்பிலை வழுக்கும், தினமும் கூட்ட வேண்டும். கொங்கிறீற் காயுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று.

கண்ணாடிச் சுவர் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி எங்கள் கடலை ஆடி, ஆவணியில் மட்டும் பார்ப்பவன். அப்போது அது குளம் போலக் கிடக்கும். கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து அனலாக அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று திரும்பினால் அதே கடல்தான் மழையைக் கிடையாக அள்ளி வீட்டுக்குள் எறியும். எங்கள் ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த நாலு மாதத்திலேயே பெய்துவிடும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் கரையைத் தொட்டபோது பழைய வீட்டு ஓடுகள் பறக்கிற சத்தத்தைத் தம்பிக்குப் போனில் கேட்க வைத்தேன். மறுநாள் அவனே, "அக்கா, கண்ணாடியைக் குறைப்பம்" என்றான். இப்போது கடல் பக்கம் எட்டடி ஆழ விறாந்தை, அதற்குள்ளே கண்ணாடிக் கதவுகள், வெளியே மூடுகிற மரச் சட்டர்கள். மேற்குப் பக்கம் கச்சானுக்காக யன்னலைச் சிறிதாக்கி மரம் வைத்தோம்.

அனுமதி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது நீர் வந்து தொடும் எல்லை) 300 மீற்றருக்குள் காணி இருந்தால், பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதாது, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வரையத் தொடங்குங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எங்கள் மணல் தரையில் அழுக்கு வேகமாக இறங்கும் என்பதால் இன்னும் தள்ளினோம். நீச்சல் தடாகம் அடிபட்டுப் போனது அந்த இடத்தில்தான். பிள்ளைகள் இரண்டு நாள் கவலைப்பட்டார்கள். கடல் மூன்று நிமிடத்தில்.

2021 மாசியில் அத்திவாரக் கல் வைத்தோம். ஒருநாள் லொறியில் ஆற்று மணல் என்று ஒரு லோட் வந்தது. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பிவிட்டு, "இது கடல் மணல் கலந்தது, திருப்புங்கோ" என்றார். கொண்டுவந்தவர் சத்தியம் செய்தார். மேசன் பாஸ் தானும் ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். லொறி திரும்பிப் போனது. உப்பு மணல் கொங்கிறீற்றுக்குள் போனால் கம்பி உள்ளிருந்தே துருவேறி, வீங்கி, கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். எங்கள் கரையில் வெளிக்காற்றே உப்பு. உள்ளுக்கும் உப்பு வைக்கக்கூடாது. கைபிடிகளுக்கும் இதே கதைதான். வழமையாக விற்கிற 304 ரகத் துருப்பிடிக்காத உருக்கு கடற்கரையில் சில மாதத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரிப் புள்ளி விடும். 316 ரகம் விலை கூட, ஆனால் அதைத்தான் வாங்க வேண்டும். பளிங்குத் தரையில் மிச்சம் பிடித்த காசு இதற்குப் போனது.

பிறகு 2022. முந்தைய வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 3,000ஐத் தாண்டியது. மேல்மாடிக் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி வேலை நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த இருட்டில் அம்மா, "லிப்ட் வச்சிருந்தா நான் உள்ளுக்க நிண்டிருப்பன்" என்றார். லிப்டை விட்டோம், இடத்தை விடவில்லை. இரண்டு தளத்திலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்துக்கு ஐந்து களஞ்சிய அறை. பிற்காலத்தில் வேண்டுமென்றால் நடுவிலுள்ள தட்டை வெட்டி லிப்ட் இறக்கலாம். அதற்கேற்றபடி சுற்றிவர பீம் போட்டாயிற்று.

வேலை நின்றிருந்த அந்த வருடத்தில் இரண்டு நல்ல காரியம் நடந்தது. ஒன்று, குளியலறைகளைத் திரும்ப யோசித்தோம். பூட்டியை, இன்னும் இடிக்காத பழைய வீட்டு நடுவறையில் கதிரையில் வைத்து, தரையில் சோக்கட்டியால் புதுக் குளியலறையை அளவாகக் கீறினோம். ஐந்தடி வட்டம் இருந்தால்தான் நாற்காலி திரும்பும். கீறிய கோட்டுக்குள் திருப்பிப் பார்த்தபோது கை கழுவும் பேசின் இடித்தது. கடதாசியில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பூட்டி தானே கையை நீட்டி, "இதில ஒரு பிடி வை, மோனை" என்று காட்டிய இடம் பிளானில் இருந்ததைவிட ஒரு சாண் கீழே. அந்த இடங்களில் சீமெந்துக் கல்லின் ஓட்டைகளைக் கட்டும்போதே கொங்கிறீற்றால் நிரப்பச் சொன்னோம். வெறும் ஓட்டைக்கல்லில் ஆணி அடித்த கைபிடி ஆளின் பாரத்தைத் தாங்காது. கதவு நிலைகளையும் ஓடாவியாரிடம் (தச்சர்) சொல்லி அகலமாக்கினோம். வழமையான இரண்டரை அடிக் குளியலறைக் கதவுக்குள் நாற்காலியைத் தள்ளுகிறவரின் விரல் நசியும்.

மற்றது காணி உறுதி (பத்திரம்). பாதிக் காசு தம்பியுடையது, காணி அம்மாவுடையது, இருப்பவள் நான். இதைப் பேசாமல் கட்டியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும், இப்போது கதைபேச்சு இல்லை. நாங்கள் நொத்தாரிசிடம் போய், எனக்கும் தம்பிக்கும் பிரிபடாத சம பங்கு, அம்மா அப்பாவுக்கு சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை உரிமை) என்று எழுதினோம். தம்பி அன்று அழுததைப் பார்த்தேன். "அக்கா, நான் வரேக்க திறப்புக் கேக்காம வர ஒரு வழி இருந்தாப் போதும்" என்றான். மேல்மாடிக்கு வெளியாலும் ஒரு படி வந்தது அப்படித்தான்.

2024 ஆவணியில் பால் காய்ச்சினோம். முதலில் உள்ளே போனது பூட்டி. மகன் தள்ள, சரிவில் ஏறி, வேம்புக்குக் கீழே சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பாவின் கதிரை இப்போது முன்விறாந்தையில், இடுப்பளவு மதிலுக்குப் பின்னால். அம்மாவின் பின்படியை அதே உயரத்தில், அதே பக்கம் பார்க்கக் கட்டியிருக்கிறோம். யன்னல் வழியாகப் பூட்டியின் கட்டிலும் தெரிகிறது.

தம்பியின் மேல்தளம் பத்து மாதம் பூட்டிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. அதனால் மகன் அங்கே படிக்கிறான், யன்னலைத் திறக்க ஒரு ஆள் ஆச்சு. லிப்ட் இடத்தில் அரிசி மூட்டை. கடல் பக்கச் சட்டர்களின் பிணைச்சல் ஒரே மாரியில் துருவேறிவிட்டது. அதை மட்டும் மலிவாக வாங்கியிருந்தோம். ஐப்பசிக்கு முன்னம் பித்தளையில் மாற்ற ஓடாவியாருக்குச் சொல்லியிருக்கிறேன்.