எம்.பி. வேட்பாளரிடம் எதைக் கேட்பது?

மக்களவைத் தேர்தல் சமயத்தில் வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டங்களில், பொதுமக்கள் எழுதித் தரும் சீட்டுகளைப் பிரித்தால் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்தான் அதிகம் இருக்கும். எல்லாமே நியாயமான குறைகள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் வார்டு கவுன்சிலரும் உள்ளாட்சி அதிகாரிகளும். எம்.பி. வேட்பாளரிடம் கேட்டால் “கட்டாயம் செய்து தருவேன்” என்பார். கைதட்டல் விழும். எதுவும் தெரியாமலே அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்தச் சீட்டுகளை ஒதுக்கிவிடாமல், எம்.பி.யின் அதிகாரத்துக்கு உட்பட்ட கேள்வியாக மாற்றுவதுதான் கேள்வி தயாரிப்பவர்களின் வேலையில் முக்கால்வாசி.

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருகின்றன. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 83 லட்சம் சொச்சம். மொத்த நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்து வேலையை நடத்தும். இவ்வளவும் தெரிந்தபின் கேள்வி இப்படி மாறும்: “முதல் ஆண்டின் 5 கோடியில் குடிநீருக்கு எவ்வளவு பரிந்துரைப்பீர்கள்?” தொகை சொன்னால், அடுத்தது: “எந்த ஊரில் தொடங்குவீர்கள்?” ஏற்கெனவே எம்.பி.யாக இருப்பவர் என்றால், அவர் பரிந்துரைத்த வேலைகளில் எத்தனை முடிந்தன என்ற கணக்கை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

“அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுவீர்களா?” என்பது துணிச்சலான கேள்வி போலத் தெரியும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஆகவே பதில் கட்சித் தலைமையுடையதாகவே இருக்கும். கொறடா எட்டாத இடங்களைப் பற்றிக் கேட்டால்தான் அந்த மனிதர் வெளியே வருவார். அமைச்சகங்களின் வேலையை ஆராயும் நாடாளுமன்றத்தின் துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24. “எதில் இடம் கேட்பீர்கள்?” என்ற ஒரு கேள்வி நிறையச் சொல்லிவிடும். ராமநாதபுரம் வேட்பாளர் வெளியுறவுக் குழு என்றால், எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர் பிரச்சினையை முன்னால் வைக்கிறார். வேளாண்மைக் குழு என்றால், மீன்வளத் துறை அதன்கீழ் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அமைச்சரல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் அப்படித்தான். தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை, 2019-இல் அரசு கொண்டுவந்த மசோதாதான் சட்டமானது. ஆனாலும் ஒரு தனி உறுப்பினரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அது காட்டியது. “நீங்கள் எதைக் கொண்டுவருவீர்கள்?” என்று தயங்காமல் கேட்கலாம்.

நேரக் கணக்கைப் பலரும் போடுவதில்லை. ஐந்து வேட்பாளர்கள், ஒரு மணி நேரம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 10 நிமிடம் போனால் மிச்சம் 50. ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் பதில், அதைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விக்கு முக்கால் நிமிடம் என்றால், ஒரு கேள்வி எல்லாரையும் சுற்றி வர 11 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதாவது நான்கே கேள்விகள். பன்னிரண்டு கேள்விகளோடு மேடை ஏறும் நெறியாளர் முதலில் வெட்டுவது துணைக் கேள்வியைத்தான். வெட்டக் கூடாதது அதுதான்.

1976 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு சொன்னார். கேள்வி கேட்ட நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் மேக்ஸ் ஃபிராங்கெல் வாதாடவில்லை. நீங்கள் சொன்னதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்தும் ஃபோர்டு யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து என்று அடுக்கி அதையே உறுதிசெய்தார். அந்தப் பதில் பிரசாரம் முழுக்க அவரைத் துரத்தியது. நல்ல துணைக் கேள்விக்குக் கோபம் தேவையில்லை, கவனமாகக் கேட்கும் காது போதும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று துணைக் கேள்விகளை முன்பே எழுதி வைப்பது நல்லது: எண் சொன்னால் ஒன்று, நழுவினால் ஒன்று, எதிர்க்கட்சியைத் திட்டினால் ஒன்று.

ஒரே மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்டால் வேட்பாளர் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொள்வார். நீளமான முன்னுரை கொடுத்தால், கேள்வியை விட்டுவிட்டு முன்னுரையோடு சண்டை போடுவார்.

வழக்குகளைப் பற்றிக் கேட்கும்போதுதான் மேடை அதிகம் சூடாகும். வேட்புமனுவோடு தாக்கலாகும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் நிலுவை வழக்குகள், சட்டப் பிரிவுகள், குற்றச்சாட்டு பதிவானதா என்பது வரை இருக்கும். அதன் நகலை நெறியாளர் கையில் வைத்துக்கொண்டு, அந்த வரியை அப்படியே வாசித்துவிட்டு, “இந்த வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்க வேண்டும். வழக்கு உள்ள எல்லா வேட்பாளரிடமும் அதே சொற்களில், அதே குரலில்.