நியூட்ரல் இல்லாத படகு

பிலிப்பைன்ஸில் தீவுகள் மொத்தம் 7,641. பாலம் கண்டவை கொஞ்சம், பெரிய கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் உள்ளவை கொஞ்சம். மிச்சமிருக்கும் ஊர்களுக்கு 50 கிலோ அரிசி மூட்டை, 11 கிலோ காஸ் சிலிண்டர், பள்ளிக்கூட டீச்சர், சண்டைச் சேவல், சம்பந்தி வீட்டார் எல்லாரும் போய்ச் சேருவது பம்ப்போட்டில்தான். ஒல்லியான மரப்படகு, இரண்டு பக்கமும் கை நீட்டியது போல மூங்கில் மிதவை, நடுவே ஒரு எஞ்சின். எஞ்சினுக்கு எந்த வேலை கொடுத்தாலும் செய்யும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வயலில் தண்ணீர் இறைத்த எஞ்சினைப் படகில் ஏற்றியதுதான் இந்த வம்சத்தின் தொடக்கம்.

சின்னப் படகுகளில் கியர் கிடையாது. கிளட்ச் கிடையாது. ரிவர்ஸ் கிடையவே கிடையாது. எஞ்சினிலிருந்து கிளம்பும் இரும்புத் தண்டு நேராக அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு போய்ப் புரொபெல்லரில் முடிகிறது. எஞ்சின் ஓடினால் படகு ஓடும், எஞ்சின் நின்றால் மெதுவாக நிற்கும். நடுவில் யோசிக்க இடமே இல்லை. (பெரிய பயணிகள் படகுகளின் கதை வேறு. அவற்றில் பழைய ஜப்பான் லாரியின் டீசல் எஞ்சின் கியர்பாக்ஸோடு உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் ஸ்டியரிங் சக்கரமும் லாரி வீட்டுச் சீதனம்தான்.)

அதனால் கிளம்புவதே ஒரு கூட்டு முயற்சி. முன்னால் ஒருவர் டிக்கின் என்கிற நீள மூங்கில் கழியை மணலில் ஊன்றி, படகின் மூக்கைக் கடல் பக்கம் திருப்புவார். திரும்பி முடித்த பிறகுதான் பின்னால் இருப்பவர் எஞ்சின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே இழுத்து, அன்றைக்குப் பார்த்து எஞ்சினும் முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டால், நம் மிதவை பக்கத்துப் படகின் மிதவைக்குள் போய்க் கோத்துக்கொள்ளும். பிறகு இரண்டு படகுக்காரர்களும் அவரவர் குடும்ப வரலாற்றைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். இன்னொரு விதி: எஞ்சின் பிடிக்கும்போது கழிக்காரர் படகுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் படகு ஊருக்குப் போகும், அவர் கழியோடு கரையில் நிற்பார்.

ஆக்ஸிலேட்டர் என்பது கார்புரேட்டர் லீவரில் கட்டிய தூண்டில் நைலான். மறுமுனை ஓட்டுநர் கையிலோ கால் கட்டைவிரலிலோ இருக்கும். சைலன்ஸர் பேருக்குத்தான். ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து படகில் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் நீங்களும் சிரித்து வையுங்கள். என்ன கேட்டார் என்பது இறங்கிய பிறகு தெரியும்.

படகின் உயிர் எஞ்சினில் இல்லை, கட்டுகளில் இருக்கிறது. மிதவை மூங்கிலையும் அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளையும் இணைக்கும் இடத்தில் போல்ட்டையோ ஆணியையோ தேடாதீர்கள். தடித்த தூண்டில் நைலானைப் பல சுற்றுச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். வெளியூர் எஞ்சினியர்கள் பார்த்தவுடன் “ஸ்டீல் போல்ட் போட்டுவிடலாமே” என்பார்கள். போடலாம். துளை போட்ட மூங்கில் அந்த இடத்திலிருந்தே விரியும், அந்தக் கணுவுக்குள் தண்ணீர் புகும், உப்பு போல்ட்டைத் தின்னும். இதையெல்லாம் தாண்டி நின்றாலும், அசையாத மூட்டு அலை அடிக்கும்போது கட்டையையே முறித்துவிடும். நைலான் கட்டு கொஞ்சம் விட்டுக்கொடுத்து, திரும்பப் பழைய இடத்துக்கு வந்துவிடும். அறுந்தாலும் நடுக்கடலில் மாற்ற ஒரு கத்தியும் ஒரு சுருள் நைலானும் போதும். வெறுங்கையால் இழுத்தால் நைலான் விரலை அறுக்கும். அதனால் ஒரு சாண் குச்சியில் நுனியைச் சுற்றிக்கொண்டு, காலைக் கட்டையில் உதைத்து இழுப்பார்கள். நனைந்த நைலான் சற்று நீளும் என்பதால் புதுக் கட்டுகளை முதல் பயணத்துக்குப் பிறகு தடவிப் பார்த்து, தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்குவது வழக்கம்.

மூங்கில் விஷயத்திலும் கஞ்சத்தனம் ஆகாது. முற்றிய மூங்கில் வேண்டும். இளசை வெட்டினால் அதில் சர்க்கரையும் மாவும் அதிகம், வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். வெட்டியதைத் தண்ணீரில் ஊறப்போடுவது அந்த மாவைக் கரைத்து வெளியேற்றத்தான். முன் நுனியை நெருப்பில் காட்டி, சூடாக இருக்கும்போதே மேல்நோக்கி வளைத்துக் கட்டுவார்கள். நேராக விட்டால் அலைக்குள் முக்குளித்துவிடும். உள்ளே இருக்கும் கணுத் தடுப்புகளைக் குத்திவிடக் கூடாது. ஒவ்வொரு கணுவும் தனித்தனிக் காற்றறை என்பதால், ஒன்று விரிசல் விட்டாலும் மற்றவை மிதக்கும். இந்த வசதிக்கு யாரும் பேடண்ட் வாங்கவில்லை.

உடம்புக்கு மரைன் பிளைவுட். சிக்கனம் என்று சாதாரண பிளைவுட்டில் கட்டினால் பசை ஊறி, பலகை ஏடு ஏடாகப் பிரிந்து வரும். ஓட்டையை எபாக்ஸியால் அடைக்கலாம். ஏ, பி என்று இரண்டு டப்பாவாக வருவதைச் சரிபாதி கலக்கும் வகைதான் படகுக்காரர்களுக்கு வசதி. நிழலில், கைப்பிடி கைப்பிடியாகக் கலக்க வேண்டும். ஒரேயடியாக மொத்தத்தையும் வெயிலில் கலக்கினால் கலவை தானே சூடேறி இறுகி, ஓட்டை ஓட்டையாகவே இருக்க, டப்பாவுக்குள் அருமையான கல் ஒன்று கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் உள்ளே வரும். தண்டு துளைத்துப் போகும் இடத்தில் கிரீஸில் ஊறிய கயிறுதான் காவல். அது சொட்டத்தான் செய்யும். இறைக்க லிமாஸ் என்கிற கருவி இருக்கிறது. ஒரு கேலன் எஞ்சின் ஆயில் கேனின் அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டினால் லிமாஸ் தயார். கைப்பிடி ஏற்கெனவே இருக்கிறது, வாய் அகலம், படகின் வளைவில் சரியாகப் பதியும். மூடி இருந்தால் அகப்பை, மூடியைக் கழற்றினால் பெட்ரோல் ஊற்றும் புனல். மூடி தொலைந்த லிமாஸால் அரை மணி நேரம் இறைப்பவரைப் பார்த்தால் யாராவது சொல்லிவிடுவது புண்ணியம். கடல்நீர் இறைத்த கையோடு அதையே புனலாக்கினால் வேறு வினை. ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் டேங்கின் அடியில் படுத்துக்கொண்டு, படகு ஆழமான இடத்துக்குப் போகும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

எஞ்சின் நின்றால் யாரும் பதறுவதில்லை, ஏனென்றால் சந்தேகப் பட்டியல் சிறியது. முதல் ஆள் ஸ்பார்க் பிளக். கழற்றி, பெட்ரோலில் கழுவி, போட்டிருக்கும் டீசர்ட்டில் துடைத்து, லைட்டரில் காயவைப்பார்கள் (பெட்ரோல் கேனை அப்பால் தள்ளிவிட்டு). காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பலவற்றுக்கு பிளக் இடைவெளி 0.76 மி.மீ. அளவுகோல் யாரிடமும் இருக்காது, ஹேக்ஸா பிளேடு இருக்கும். அதன் தடிமன் 0.6 சொச்சம். பிளேடு லேசாக ஆடிக்கொண்டு போனால் சரி, பிடித்தால் இடைவெளி குறைவு. மறுபடி நனையாமல் இருக்க பிளக் தொப்பி மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சொருகிவிடுவார்கள். அடுத்த ஆள் பெட்ரோல் ஹோஸ். பெட்ரோல் பட்டுப் பட்டு நுனி விறைத்து வெடித்திருக்கும். இரண்டு விரற்கடை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி சொருகினால் ஆயிற்று. ஹோஸை முதலிலேயே நீளமாக வைப்பது இதற்காகத்தான். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனால் ரப்பர்ச் செருப்பின் மேல் எல்லார் கண்ணும் போகும். தண்ணீர்க் குழாய் இணைப்புக்கு அது தாராளமாகத் தாங்கும். எஞ்சின் தலைக்கு வைத்தால் உருகி நாற்றமடிக்கும். எனவே நடுக்கடலில் யாராவது உங்கள் செருப்பைப் பார்த்து “குயா (அண்ணா), ஒரு நிமிஷம்” என்றால், எந்த இடத்துக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பக்கவாட்டில் காற்று பலமானால், ஓட்டுநர் பயணிகளை எடை போட ஆரம்பிப்பார். காற்றடிக்கும் பக்கத்து மிதவைக் கட்டையில் போய் உட்கார இளவட்டங்கள் இரண்டு பேரைக் கையால் அழைப்பார். கொஞ்சம் பருமனானவருக்கு அன்றைக்கு நல்ல மரியாதை. லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு உட்காரும் சுகம் பலருக்கும் தெரியும். கடலோரக் காவல்படை வந்து நிற்கும் துறையில் மட்டும் அது மெத்தையிலிருந்து மேலாடையாகப் பதவி உயர்வு பெறும்.

கரை சேர்வதுதான் கடைசிப் பரீட்சை. ரிவர்ஸ் இல்லாததால் சற்றுத் தொலைவிலேயே எஞ்சினை நிறுத்தி, வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் கழி ஊன்றித் தள்ள வேண்டும், தாமதமாக நிறுத்தினால் படகு கடற்கரை மதிய உணவில் கலந்துகொள்ளும். பிறகு மூக்கிலிருந்து மணலுக்கு ஒரு சாண் சொச்சம் அகலப் பலகை. கைப்பிடி? இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் நின்று தோளில் ஒரு மூங்கிலைத் தாங்குவார்கள். அலை அவர்களைத் தூக்கும்போது கைப்பிடியும் சேர்ந்து ஏறும். அதில் சாய்ந்து பாரத்தைக் கொடுக்காமல், விரலால் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

கரையிலும் இதே புத்திதான். பஞ்சர் கடையில் டியூபைச் சுரண்டி, ஒட்டுப்போட வேண்டிய இடத்தில் வேகாத ரப்பரை வைத்து, மேலே பழைய எஞ்சின் பிஸ்டனைத் தலைகீழாக அழுத்தி முடுக்குவார்கள். பிஸ்டனின் குழிவில் கொஞ்சம் எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினால் அதுவே அடுப்பு, அதுவே கடிகாரம். எரிந்து அணையும்போது ரப்பர் வெந்திருக்கும். அதிகம் ஊற்றினால் டியூப் வறண்டு வெடிக்கும், குறைத்தால் ஒட்டு உரிந்து வரும். சூடு ஆறுமுன் கழற்றினாலும் உரியும். அந்த நேரத்தில் கடைக்காரர் பொறுமையாகப் பக்கத்து ‘சரி-சரி’ என்கிற பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கப் போயிருப்பார். அங்கே பெட்ரோல், சோயா சாஸ், வினிகர் மூன்றும் ஒரே மாதிரி குளிர்பான பாட்டிலில் நிற்பதுண்டு. முகர்ந்து வாங்குவது நல்லது.

2013 நவம்பர் 8 அன்று யோலாண்டா புயல் லெய்ட்டே தீவை அடித்தபோது படகுகள் போயின, வீடுகளும் போயின. அங்கே தனாவான் என்கிற ஊரின் மீனவர்கள் சிலர் குப்பையில் கிடந்த குளிர்சாதனப் பெட்டிகளைக் கடலில் இறக்கினார்கள். கதவைக் கழற்றி மல்லாக்கப் போட்டால் தொட்டி. சுவருக்குள் வெப்பம் புகாமலிருக்க அடைத்த நுரை, தண்ணீரிலும் தாராளமாக மிதக்கும். துடுப்புக்குப் பலகைத் துண்டு. அடிக்கட்டை இல்லாததால் ஒரு பக்கம் வலித்தால் நேரே போகாமல் சுற்றும்; அதனால் இரண்டு கையிலும் மாறி மாறி வலிக்க வேண்டும், கரையை விட்டு அதிக தூரம் போகக் கூடாது. ஒரு பெட்டிக்கு ஒரு ஆள்தான் கணக்கு. இரண்டு கதவு மாடலாக இருந்தால் கால் நீட்டிக்கொள்ளலாம்.